மெயில் சர்வரில் டிஎல்எஸ்: எந்த வாசலில் கறார், எந்த வாசலில் தளர்வு

ஜிமெயிலில் வந்து சேரும் சில மின்னஞ்சல்களின் தலைப்பருகே சிவப்பு நிறத்தில் திறந்த பூட்டு ஒன்று தெரியும். அனுப்பிய சர்வர் இதை மறையாக்கம் செய்யாமல், வழியில் யாரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்தாக அனுப்பியது என்பது அதன் பொருள். 2016 பிப்ரவரியில் வந்த அந்தப் பூட்டு நெடுநாள் எச்சரிக்கையாக மட்டுமே இருந்தது. 2024 பிப்ரவரியில் கூகுள் தன் அனுப்புநர் விதிகளை இறுக்கியபோது, டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்பு வழியாகவே அனுப்ப வேண்டும் என்பதும் விதியாகிவிட்டது. அதன்பின் சொந்தமாக மெயில் சர்வர் நடத்தும் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நிர்வாகியிடம் கேட்கப்படும் கேள்வி: "டிஎல்எஸ் போட்டாச்சா?"

இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஒரு மெயில் சர்வருக்கு மூன்று வாசல்கள் உண்டு.

1. நம் பயனர்கள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே வரும் வாசல். அஞ்சல் அனுப்பவும் படிக்கவும்.
2. ஊர் பேர் தெரியாத பிற சர்வர்கள் நமக்கு அஞ்சல் கொண்டுவரும் வாசல்.
3. நம் சர்வர் பிற சர்வர்களைத் தேடிப் புறப்படும் வாசல்.

மூன்றுக்கும் அமைப்பு தனித்தனி. முதல் வாசலில் எவ்வளவு கறாராக இருந்தாலும் தகும். இரண்டாவதில் அதே கறாரைக் காட்டினால் அஞ்சல் வராமல் போகும். மூன்றாவதை மறந்துவிட்டால்தான் மேலே சொன்ன சிவப்புப் பூட்டு. ஒரு வாசலைப் பூட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

லினக்ஸ் சர்வர்களில் அதிகம் காணப்படும் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இணையை வைத்து இதைப் பார்ப்போம். போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சலை வாங்கி அனுப்பும் நிரல். டவ்காட் பயனருக்கு அஞ்சல்பெட்டியைத் திறந்து காட்டும் நிரல். அமைப்புகளின் பெயர்கள் இங்கே உச்சரிப்புப்படி வருகின்றன. கோப்பில் அவை சிறிய ஆங்கில எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு இருக்கும்.

## டிஎல்எஸ் எதைக் காக்கும், எதைக் காக்காது

நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் வெளியிட்ட எஸ்எஸ்எல் 2.0 இதன் முன்னோடி. 1999இல் டிஎல்எஸ் 1.0 என்று பெயர் மாறி வந்தது. 2008இல் 1.2, 2018இல் 1.3. இடையில் வந்த 1.1ஐயும், 1.0ஐயும் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிட்டது. இன்றும் கடையில் "எஸ்எஸ்எல் சான்றிதழ்" என்றுதான் விற்கிறார்கள். பெயர் மட்டும்தான் பழையது.

டிஎல்எஸ் காப்பது இரண்டு கணினிகளுக்கு நடுவே உள்ள கம்பியை மட்டுமே. அனுப்புபவரின் சர்வரிலும் பெறுபவரின் சர்வரிலும் அஞ்சல் திறந்த எழுத்தாகவே வட்டில் கிடக்கும். அனுப்புநர் முதல் பெறுநர் வரை யாரும் படிக்கக்கூடாது என்றால் அதற்கு ஓபன்பிஜிபி போன்ற வேறு ஏற்பாடு வேண்டும்.

## நடுவழியில் பூட்டுவதும் வாசலிலேயே பூட்டுவதும்

அஞ்சல் நெறிமுறையான எஸ்எம்டிபி 1982இல் எழுதப்பட்டபோது மறையாக்கம் பற்றிய பேச்சே இல்லை. சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் எண்ணிட்ட கதவு ஒன்று உண்டு, அதன் பெயர் போர்ட். அஞ்சலுக்கான போர்ட் 25இல் வெறும் எழுத்தில் உரையாடல் நடந்தது. 1999இல் அதன் மேல் ஒட்டுப்போட்டதுதான் ஸ்டார்ட்-டிஎல்எஸ். அந்த உரையாடல் இப்படிப் போகும்:

1. சர்வர் 220 என்ற எண்ணோடு வரவேற்கிறது.
2. வந்தவர் "இஹெலோ" சொல்கிறார். சர்வர் தனக்குத் தெரிந்த வசதிகளை 250 வரிசையில் அடுக்குகிறது. அதில் "ஸ்டார்ட்-டிஎல்எஸ்" என்று ஒரு வரி இருக்கும்.
3. வந்தவர் அந்தச் சொல்லைத் திருப்பி அனுப்புகிறார். சர்வர் மீண்டும் 220 சொல்கிறது.
4. இங்கிருந்து டிஎல்எஸ் கைகுலுக்கல், அதாவது எந்தச் சாவியில் மறைப்பது என்று இருவரும் பேசி முடிப்பது. அது முடிந்ததும் முன்பு பேசியதை இருவரும் மறந்துவிட்டு, மறையாக்கத்துக்குள் மீண்டும் "இஹெலோ"விலிருந்து தொடங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது: முதல் மூன்று படிகளும் வெறும் எழுத்து. இந்த முறையின் பலவீனம் முழுவதும் அந்த மூன்று படிகளில்தான் இருக்கிறது.

மற்றொரு வழி, இணைப்பு தொடங்கும்போதே டிஎல்எஸ். வெறும் எழுத்துக்கு இடமே இல்லை. இதற்குத் தனிப் போர்ட் வேண்டும். மெயில் சர்வரில் காணும் எண்கள் இவை:

- 25: சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே. ஸ்டார்ட்-டிஎல்எஸ் மட்டுமே.
- 587: பயனர் அஞ்சலை ஒப்படைக்க. ஸ்டார்ட்-டிஎல்எஸ்.
- 465: அதே வேலை, தொடக்கத்திலேயே டிஎல்எஸ்.
- 143, 993: சர்வரில் வைத்தபடியே அஞ்சலைப் படிக்கும் ஐமேப் நெறிமுறை. முன்னது ஸ்டார்ட்-டிஎல்எஸ், பின்னது நேரடி டிஎல்எஸ்.
- 110, 995: அஞ்சலை இறக்கிக்கொண்டு படிக்கும் பாப்3க்கு அதே ஜோடி.

465இன் கதை விசித்திரமானது. 1997இல் அஞ்சலுக்கென்று பதிவானது, அடுத்த ஆண்டே ரத்தானது. ஆனால் யாரும் அதைப் பயன்படுத்துவதை நிறுத்தவில்லை. 2018 ஜனவரியில் வந்த ஐஇடிஎஃப்பின் தர ஆவணமான ஆர்எஃப்சி 8314 அதை முறையாகத் திரும்பக் கொண்டுவந்ததோடு, பயனர் வாசலில் நேரடி டிஎல்எஸ்தான் மேல் என்றும் சொன்னது. 465 காலாவதியான எண் என்று சொல்லும் வழிகாட்டிகள் அதற்கு முன் எழுதப்பட்டவை.

சில மெயில் செயலிகளில் "எஸ்எஸ்எல்" என்றால் நேரடி வகை, "டிஎல்எஸ்" என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ் வகை. பயனர் 465 எண்ணைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைத் தேர்ந்தால், செயலி 220 வரவேற்புக்காகக் காத்திருக்கும். சர்வர் கைகுலுக்கலுக்காகக் காத்திருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, நேரம் கடந்து இணைப்பு அறும். "தொங்கி நிற்குது" என்று அழைப்பு வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

## சான்றிதழ்

இது இந்த சர்வர்தான் என்று நம்பகமான நிறுவனம் கையெழுத்திட்டுத் தரும் கோப்புதான் சான்றிதழ். அதில் இருக்க வேண்டிய பெயர் மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர் அல்ல. இணையப் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸில், அஞ்சலை எங்கே கொண்டுபோவது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு எந்த சர்வர் பெயரைக் காட்டுகிறதோ அந்தப் பெயர். பயனர்கள் தங்கள் செயலியில் வேறு பெயரை இட்டிருந்தால் அதையும் அதே சான்றிதழில் சேர்க்க வேண்டும்.

லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழின் வழக்கமான ஆயுள் 90 நாள். காசு கொடுத்து ஓராண்டுச் சான்றிதழ் வாங்கிக் கையால் மாற்றும் பழக்கமும் இனி செல்லாது. சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். காலாவதியாகப் போகிறது என்று லெட்ஸ் என்க்ரிப்ட் முன்பு அனுப்பிவந்த நினைவூட்டல் மடல்களும் 2025 ஜூனில் நின்றுவிட்டன. ஆகவே புதுப்பித்தல் தானாக நடக்க வேண்டும். நடந்ததா என்று பார்க்கத் தனிக் கண்காணிப்பும் வேண்டும்.

மெயில் சர்வரில் பெரும்பாலும் வெப் சர்வர் இருக்காது. அப்போது சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பாட் கருவியைத் தனித்து இயங்கும் முறையில் ஓட்டலாம். சரிபார்ப்பு நேரத்தில் அது தானே போர்ட் 80ஐத் திறந்துகொள்ளும். ஃபயர்வாலில் 80 மூடியிருந்தால் முதல் முறை கையால் திறந்து வாங்கிவிடுவீர்கள், 60 நாள் கழித்துத் தானியங்கிப் புதுப்பிப்பு சத்தமில்லாமல் தோற்கும். 80ஐத் திறக்கவே முடியாத இடத்தில் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பே நல்லது.

கிடைப்பவற்றில் நமக்கு வேண்டியவை இரண்டு கோப்புகள்: இரகசியச் சாவி, முழுச் சங்கிலி. சர்வரின் சான்றிதழை மட்டும் கொடுத்து அதை நம்பகமான நிறுவனத்தோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை விட்டுவிட்டால், கணினி பிரவுசர் ஒன்றும் சொல்லாமல் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் கைபேசி மெயில் செயலிகள் "நம்பத்தகாத சான்றிதழ்" என்று மறுக்கும். முழுச் சங்கிலிக் கோப்பையே கொடுங்கள். சாவிக் கோப்பை ரூட் என்ற தலைமைப் பயனர் மட்டும் படித்தால் போதும். போஸ்ட்ஃபிக்ஸ் ரூட்டாக இருக்கும்போதே அதைப் படித்துவிட்டுப் பிறகுதான் அதிகாரத்தைக் குறைத்துக்கொள்கிறது. படிக்க முடியவில்லையோ என்ற சந்தேகத்தில் எல்லாருக்கும் அனுமதி திறந்துவிடுவது தேவையற்ற ஆபத்து.

## இரண்டாம் வாசல்: வருகிற அஞ்சல்

போஸ்ட்ஃபிக்ஸில் டிஎல்எஸ் 2005இல் வந்த 2.2 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. தனியாக நிறுவ எதுவும் இல்லை. அதன் முதன்மை அமைப்புக் கோப்பான மெயின் கோப்பில்:

1. "எஸ்எம்டிபிடி டிஎல்எஸ் செயின் ஃபைல்ஸ்": முதலில் சாவிக் கோப்பு, பிறகு முழுச் சங்கிலி. இந்த வரிசை மாறக்கூடாது. இது 3.4 பதிப்பு முதல் உண்டு. அதற்கு முந்தையதில் சாவிக்கும் சான்றிதழுக்கும் தனித்தனி அமைப்புகள்.
2. "எஸ்எம்டிபிடி டிஎல்எஸ் செக்யூரிட்டி லெவல்": மதிப்பு "மே". முடிந்தால் மறையாக்கம், முடியாவிட்டால் வெறும் எழுத்து.
3. "எஸ்எம்டிபிடி டிஎல்எஸ் லாக் லெவல்": 1. லாக் என்ற இயக்கப் பதிவேட்டில் டிஎல்எஸ் விவரத்தை எழுதும். இது இல்லாமல் பிழை தேடுவது இருட்டில் ஊசி தேடுவது.

இரண்டாவது அமைப்பில் "மே"க்குப் பதில் "என்க்ரிப்ட்" என்று போடக் கை துறுதுறுக்கும். போட்டால் டிஎல்எஸ் பேசாத சர்வர்களை 530 என்ற எண்ணோடு விரட்டும். பொதுவெளியில் அறிவிக்கப்பட்ட அஞ்சல் சர்வர் அப்படிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று ஸ்டார்ட்-டிஎல்எஸ் தரமான ஆர்எஃப்சி 3207 வெளிப்படையாகத் தடுக்கிறது. தடை இல்லாவிட்டாலும் கணக்கு உதைக்கும். பழைய டிஎல்எஸ் 1.0 மட்டும் தெரிந்த சர்வர் ஒன்று வருகிறது. நீங்கள் 1.0ஐ மூடியிருக்கிறீர்கள். அது திரும்பிப் போய் 1.2 கற்றுக்கொண்டு வராது. அதே அஞ்சலை வெறும் எழுத்தில் கொண்டுவரும். சுமாரான பூட்டை மறுத்து, பூட்டே இல்லாத நிலையை வரவழைத்தீர்கள்.

தளர்வுக்கும் எல்லை உண்டு. 2016 மார்ச்சில் வெளியான டிரவுன் தாக்குதல் அதைக் காட்டியது. போர்ட் 25இல் எஸ்எஸ்எல் 2.0 திறந்திருந்து, அதே சாவி வெப் சர்வரிலும் இருந்தால், அஞ்சல் வாசலைச் சுரண்டி வெப் இணைப்பைப் படிக்க முடிந்தது. அப்போது எச்டிடிபிஎஸ் சர்வர்களில் மூன்றில் ஒரு பங்கு இதற்கு ஆளாகும் நிலையில் இருந்தன. எஸ்எஸ்எல் 2.0, 3.0 இரண்டும் எந்த வாசலிலும் கூடாது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பிலேயே அவை மூடியிருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது பழைய வழிகாட்டியைப் பார்த்து, எந்தப் பதிப்புகளை ஏற்பது என்று சொல்லும் வரியை மாற்றி எழுதாமல் இருப்பதுதான்.

## மூன்றாம் வாசல்: ஓர் எழுத்து வித்தியாசம்

போஸ்ட்ஃபிக்ஸில் "எஸ்எம்டிபிடி" என்று தொடங்குபவை எல்லாம் வருகிற அஞ்சலுக்கு. "எஸ்எம்டிபி" என்று தொடங்குபவை போகிற அஞ்சலுக்கு. கடைசியில் உள்ள "டி"யைக் கண் எளிதாகத் தாண்டிவிடும். "எஸ்எம்டிபி டிஎல்எஸ் செக்யூரிட்டி லெவல்" நெடுங்காலம் இயல்பாகவே வெறுமையாக இருந்தது. வெறுமை என்றால் போகிற அஞ்சலுக்கு டிஎல்எஸ் கிடையாது. வருகிற பக்கத்தைச் சோதித்து "எல்லாம் பச்சை" என்று பார்த்த பிறகும் ஜிமெயிலில் சிவப்புப் பூட்டு தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு வரி. இதற்கும் "மே" என்று கொடுத்து, இதன் லாக் லெவலையும் 1 ஆக்குங்கள்.

இப்போது லாகில் நான்கு சொற்களில் ஒன்று தெரியும். "அனானிமஸ்": எதிர்ப்பக்கம் சான்றிதழே காட்டவில்லை. "அன்ட்ரஸ்டட்": காட்டியது, ஆனால் நம்பகமான நிறுவனம் கொடுத்ததா என்று உறுதியாகவில்லை. "ட்ரஸ்டட்": நிறுவனம் சரி, பெயர் ஒத்துப்பார்க்கவில்லை. "வெரிஃபைடு": இரண்டும் சரி. "அன்ட்ரஸ்டட்" பார்த்துப் பதற வேண்டாம். அந்த இணைப்பும் மறையாக்கம் ஆனதுதான். "மே" நிலையில் போஸ்ட்ஃபிக்ஸ் சான்றிதழை நிபந்தனையாக வைப்பதில்லை. கணினியின் நம்பிக்கைப் பட்டியல் இருக்கும் இடத்தைப் போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லாவிட்டால் ஜிமெயிலுக்குக்கூட "அன்ட்ரஸ்டட்" என்றே வரும்.

வங்கி, கிளை அலுவலகம் என்று குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் கறாராக இருக்க வேண்டுமானால் "எஸ்எம்டிபி டிஎல்எஸ் பாலிசி மேப்ஸ்" வழியாக டொமைன்வாரியாக "என்க்ரிப்ட்" (மறையாக்கம் கட்டாயம்) அல்லது "செக்யூர்" (சான்றிதழும் சரியாக இருக்க வேண்டும்) என்று எழுதலாம்.

## முதல் வாசல்: இங்கே இரக்கம் வேண்டாம்

இங்கே கடந்து போவது கடவுச்சொல். வருபவர்கள் நம்மவர்கள், செயலியைத் திருத்தச் சொல்ல முடியும். ஆகவே போஸ்ட்ஃபிக்ஸ் சேவைகளைப் பட்டியலிடும் மாஸ்டர் கோப்பில் 587க்கு "என்க்ரிப்ட்" என்றும், 465க்கு நேரடி டிஎல்எஸ்ஸைக் குறிக்கும் "ராப்பர்மோட்" "யெஸ்" என்றும் வைத்து, இரண்டிலும் கடவுச்சொல் உறுதியானவருக்கு மட்டும் அனுமதி தருகிறோம். போர்ட் 25இல் கடவுச்சொல் வாங்குவதையே நிறுத்திவிடலாம். அங்கே வருபவை சர்வர்கள், பயனர்கள் அல்ல. "டிஎல்எஸ் ஆத் ஒன்லி" என்பதை மெயின் கோப்பில் "யெஸ்" ஆக்குவதும் கட்டாயம்.

மாஸ்டர் கோப்பில் இரண்டு பொறிகள். துணை வரிகள் இடைவெளியில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் புதிய சேவை என்று நினைத்துக்கொள்ளும். சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி இருக்கவே கூடாது. மெயின் கோப்பில் இருக்கலாம், இங்கே கூடாது.

டவ்காட்டில் "எஸ்எஸ்எல்" என்பதற்கு "ரெக்வயர்டு". பழைய 2.3 வரிசையில் கோப்பின் பாதைக்கு முன்னால் சிறிது என்ற கணிதக் குறி (<) போட வேண்டும். விட்டால் பாதையின் எழுத்துகளையே சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ளும், டிஎல்எஸ் இணைப்பு தோற்கும். 2025இல் வந்த 2.4இல் அமைப்புகளின் பெயர்களே மாறிவிட்டன, அந்தக் குறியும் போய்விட்டது. இணையத்தில் கிடைக்கும் வரியை ஒட்டும் முன் பதிப்பைப் பாருங்கள்.

"ரெக்வயர்டு" போட்டும் ஓட்டை ஒன்று மிஞ்சும். தவறாக அமைத்த செயலி 143இல் வந்து, எதையும் கேட்காமல் கடவுச்சொல்லை வெறும் எழுத்தில் அனுப்புகிறது. டவ்காட் மறுத்துவிடும். ஆனால் கடவுச்சொல் கம்பியில் போய்விட்டதே! மறுப்பு அதைத் திரும்ப அழைக்காது. 143, 110 இரண்டையும் ஃபயர்வாலில் மூடி, 993ஐ மட்டும் விடச் சொல்வது இதனால்தான்.

ஸ்டார்ட்-டிஎல்எஸ்ஸின் நிரல்களிலும் பிழைகள் வந்திருக்கின்றன. 2011இல் போஸ்ட்ஃபிக்ஸை எழுதிய வீட்சே வெனேமாவே அதில் ஒன்றைக் கண்டுபிடித்து அறிவித்தார்: கைகுலுக்கலுக்கு முன் திணித்த கட்டளைகள், மறையாக்கத்துக்குள் வந்தவைபோல நிறைவேறின. பல நிறுவனங்களின் சர்வர்களில் அதே பிழை இருந்தது. பத்தாண்டு கழித்து, 2021இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் தேடியபோது செயலிகளிலும் சர்வர்களிலும் சேர்த்து 40க்கும் மேற்பட்ட ஓட்டைகள் அகப்பட்டன. 465க்கும் 993க்கும் அந்த வகைப் பிழை பொருந்தாது. வெறும் எழுத்துப் பகுதியே அங்கே இல்லை.

## சோதிப்பது

ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பிலுள்ள எஸ்-கிளையன்ட் என்ற கட்டளைக் கருவி போதும். 25, 587இல் சோதிக்கும்போது "ஸ்டார்ட்-டிஎல்எஸ் எஸ்எம்டிபி" என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். 465, 993க்குச் சேர்க்கக் கூடாது. பெயர், காலாவதித் தேதி, சங்கிலியில் எத்தனை சான்றிதழ் என்று பாருங்கள். அதே கருவியில் ஓர் அஞ்சலைக் கையால் அனுப்பிப் பார்ப்பவர்கள் பெறுநர் கட்டளையைச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய "ஆர்" எழுத்தில் வரி தொடங்கினால் கருவி அதைக் கைகுலுக்கலை மறுபடி நடத்தும் உத்தரவாக எடுத்துக்கொள்ளும். சர்வர்தான் கெட்டுவிட்டது என்று இதில் மணிக்கணக்கைத் தொலைப்பவர்கள் உண்டு.

புதுப்பித்தலுக்குப் பிறகும் ஒருமுறை சோதியுங்கள், மூன்று வாசலிலும். போஸ்ட்ஃபிக்ஸின் வேலைக்காரச் செயல்முறைகள் அடிக்கடி இறந்து பிறப்பதால் புதிய சான்றிதழைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். டவ்காட் அப்படியல்ல, ரீலோட் சொல்லும்வரை பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். "அனுப்ப முடியுது, படிக்க முடியல" என்ற புகார் இங்கிருந்து வரும். புதுப்பித்ததும் செர்ட்பாட் தானாக ஓட்டும் டெப்ளாய் ஹுக்கில் இரண்டு சேவைகளுக்கும் ரீலோட் கட்டளையை எழுதிவைத்தால் தீர்ந்தது.

வெளியிலிருந்து பார்க்கும்போது 250 வரிசையில் "ஸ்டார்ட்-டிஎல்எஸ்" வரி இல்லை, சர்வருக்குள்ளிருந்து பார்த்தால் இருக்கிறது என்றால், நடுவே ஏதோ அதை விழுங்குகிறது. சிஸ்கோவின் பழைய ஃபயர்வால்களில் அஞ்சலைச் சோதிக்கும் வசதி அந்தச் சொல்லை வரிசையாக எக்ஸ் எழுத்துகளாக மாற்றிவிடும். அந்தச் சோதனையை அணைத்தால் சரியாகும்.

## சொல்லை அழித்தால் பூட்டு விழாது

அதே வேலையை வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக, கூகுள் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், துனிசியாவிலிருந்து ஜிமெயிலுக்கு வந்த அஞ்சல்களில் 96 விழுக்காட்டுக்கு இப்படி மறையாக்கம் பறிக்கப்பட்டிருந்தது. நேபாளம், கென்யா உட்பட வேறு ஆறு நாடுகளில் 20 விழுக்காட்டுக்கும் மேல். "மே" என்று சொன்ன சர்வர் இதை உணரவே முடியாது. வரி இல்லையென்றால் எதிர்ப்பக்கத்துக்கு டிஎல்எஸ் தெரியாது என்று நினைத்து வெறும் எழுத்தில் அனுப்பிவிடும்.

"எனக்கு டிஎல்எஸ் தெரியும், இல்லையென்றால் நம்பாதே" என்று வேறு வழியில் முன்கூட்டி அறிவிப்பதே மருந்து. இரண்டு தரங்கள் உள்ளன.

முதலாவது டேன். சான்றிதழ்ச் சாவியின் சுருக்கத்தைப் போர்ட் 25க்கான டிஎல்எஸ்ஏ பதிவாக டிஎன்எஸ்ஸில் வைப்பது. டிஎன்எஸ் பதிவுகள் போலி இல்லை என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் கையெழுத்து இல்லாத டொமைனில் இதற்குப் பொருளில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் 2014இல் வந்த 2.11 முதலே இதை நேரடியாகச் சரிபார்க்கும். பதிவு வைப்பவர்கள் தடுக்கிவிழும் இடம்: செர்ட்பாட் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் புதிய சாவி உருவாக்கும், பதிவு பழைய சாவியைக் காட்டிக்கொண்டிருக்கும், டேன் பார்க்கும் சர்வர்கள் எல்லாம் அஞ்சலை நிறுத்திவிடும். அதே சாவியைத் தொடரும் விருப்பத்தைச் செர்ட்பாட்டில் போட வேண்டும். சாவியை மாற்றியே ஆக வேண்டுமானால் புதியதன் பதிவை முதலில் சேர்த்து, டிஎன்எஸ் இடைச்சேமிப்புக் காலம் கடந்த பிறகே சாவியை மாற்ற வேண்டும்.

இரண்டாவது எம்டிஏ-எஸ்டிஎஸ், 2018இல் தரமானது. ஜிமெயில் 2019 முதல் பார்ப்பது இதைத்தான். டிஎன்எஸ்செக் வேண்டாம்.

1. "எம்டிஏ-எஸ்டிஎஸ்" என்ற துணை டொமைனில், அதற்கே உரிய செல்லுபடியான சான்றிதழோடு, எச்டிடிபிஎஸ் வழியே ஒரு கொள்கைக் கோப்பு. அதில் நம் எம்எக்ஸ் பெயர்கள், நிலை, எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்ற எண்.
2. டிஎன்எஸ்ஸில் ஓர் எழுத்துப் பதிவு, அடையாள எண்ணோடு. கோப்பை மாற்றும்போதெல்லாம் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் யாரும் புதிய கோப்பை எடுக்க வரமாட்டார்கள்.
3. அறிக்கை கேட்கும் டிஎல்எஸ்-ஆர்பிடி பதிவு. எத்தனை இணைப்பு தோற்றது, ஏன் என்று பெரிய நிறுவனங்கள் நாள்தோறும் அனுப்பும்.

நிலை முதலில் "டெஸ்டிங்", நினைவுக்காலம் 86400 நொடி, அதாவது ஒரு நாள். இரண்டு மூன்று வாரம் அறிக்கைகளைப் பாருங்கள். தோல்வி இல்லையென்றால் "என்ஃபோர்ஸ்", நினைவுக்காலத்தை வாரக்கணக்குக்கு உயர்த்தலாம். எம்எக்ஸ் சர்வரை மாற்றும் நாளில் கொள்கைக் கோப்பில் புதிய பெயரை முன்னதாகவே சேர்த்திருக்க வேண்டும். இந்த ஏற்பாடே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் கோப்பை அழித்துவிட்டுப் போக முடியாது. அனுப்பும் சர்வர்கள் பழைய கொள்கையை நினைவுக்காலம் முடியும்வரை பிடித்துக்கொண்டிருக்கும். நிலையை "நன்" (கொள்கை எதுவும் இல்லை என்ற பொருளில்) என்று மாற்றி, அடையாள எண்ணையும் மாற்றி, பழைய நினைவுக்காலம் முழுதும் கழிந்த பிறகே கோப்பையும் பதிவையும் எடுக்க வேண்டும்.